கேரி, வினைச்சொல்

வெங் ஸ்ரெங் சாலை. ஏழரை மணி.
ஐஸ் காப்பிக் கடைக்குப் பின்னால்
எங்கள் வாடகை அறை.
பலகையில் எழுதுகிறேன்: கேரி.
அடியில் கெமர் எழுத்தில் பொருள் எழுதணும்.
சுண்ணக்கட்டி அங்கேயே நிற்கிறது.

எதை எழுத?
தலையில் வைத்தால் தூல்.
தோளில் ஏற்றினால் லீ.
மூங்கில் கழியின் இரண்டு முனையிலும்
நூடுல்ஸ்காரியின் கூடைகள் ஆடினால் ரேக்.
கையில் தொங்கும் பைக்கு யூர்,
தோளில் மாட்டிய பைக்கு ஸ்பியாய்.
பாரம் எவ்வளவு என்று
எங்கள் மொழி கேட்பதில்லை.
உடம்பில் எந்த இடம் என்று கேட்கும்.

ஆங்கிலத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.
"அவங்களுக்கு உடம்பே கிடையாதா டீச்சர்?"
கேட்டவள் தாவ்ரி.
கால்சட்டைக்கு இடுப்புப்பட்டி தைக்கிறவள்.
ஒரு நாளைக்கு அறுநூறு இடுப்பு,
ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

குந்தியா தன் கதையை அவிழ்த்தாள்.
சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து
வரிசை வரிசையாய்ப் பார்த்து முடித்து
சிரித்த முகத்தோடு "கேரி ஆன்" என்றாராம்.
இவள் எழுந்து
காலடியில் கிடந்த துணிக்கட்டைத் தூக்கி
எங்கே வைப்பதென்று தெரியாமல்
வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறாள்.
அறை குலுங்கச் சிரிப்பு.
சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன்:
கேரி ஆன், செய்வதை நிறுத்தாதே.
"இதைச் சொல்ல விமானம் ஏறி ஓர் ஆள் வரணுமா?"

பிறகு வேகமாகவே போனது.
கொசு டெங்குவை கேரி செய்யும்,
கனம் தெரியாமல்.
விடியலில் லாரி நம்மை கேரி செய்யும்,
நாற்பது பேர், நின்றபடி, ஒரே கயிற்றில் நாற்பது கை.
ஏழும் ஐந்தும் பன்னிரண்டு,
இரண்டை எழுதி ஒன்றை மேலே கேரி செய்.
ஓவர்டைம் கூட்டும்போது அந்த ஒன்று
சூப்பர்வைசர் பக்கமே விழுகிறதே என்றாள் தாவ்ரி.
எங்கள் மொழியில் ஏழு என்பதே
ஐந்து-இரண்டு.
கூட்டிக் கூட்டித்தான் எண்ணியே பழக்கம்,
இருந்தும் குறைகிறது.

கடைசி வரிசையில் நிமொல்.
மூன்று வாரமாக வாய் திறக்காதவள்.
"கிளினிக்கில் ஒரு வெளிநாட்டு நர்ஸ்
இந்தச் சொல்லைத்தான் கேட்டாள்.
நான் பையைத் திறந்து காட்டினேன்.
துண்டு, சோற்று டப்பா, அடையாள அட்டை.
அவள் தலையை ஆட்டிவிட்டு
தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
தண்ணீர்த் திருவிழாவோடு
நிமொலின் ஒப்பந்தம் முடிகிறது.
புதுப்பிக்கும் நாளில்
முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால்
எங்கே பார்ப்பார்கள் என்று
எல்லோருக்கும் தெரியும்.
குந்தியா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இது எந்த கேரி டீச்சர்?
தலையா, தோளா?"

பலகையில் ஒன்றை விட்டிருந்தேன்.
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வதற்கு
எங்களிடம் ஒரு வினை உண்டு.
அதோடு வயிறு என்று சேர்த்துவிட்டால் கர்ப்பம்.
பிறப்பதற்கு முன்பே
இடுப்புக்கு வந்துவிடுகிறது பிள்ளை.
எப்படி மறந்தேன்,
என்னையும் ஒருத்தி அப்படித்தானே வைத்திருந்தாள்.

நிமொல் நோட்டில் எழுதினாள்: ஐ ஆம் கேரியிங்.
எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.
இந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும்,
எதை என்று சொல்லணும்,
போன வாரம் நான் நடத்திய பாடம்.
வேண்டாம், என்றேன்.
இந்த ஓர் அர்த்தத்தில் மட்டும் வேண்டாம்.
எதை என்று எழுதாமல் விடலாம்.
இலக்கணம் அனுமதிக்கிறது.

ஒன்பதுக்கு விளக்கை அணைத்தோம்.
படியிறங்கும்போது நிமொலின் பை
தாவ்ரியிடம் இருந்தது.
கேட்டு வாங்கினாளா, பிடுங்கினாளா தெரியாது.
கையில் தொங்கியதா, தோளில் மாட்டியிருந்தாளா,
இருட்டில் அதையும் கவனிக்கவில்லை.